ஆயில் சிந்தினால் வரும் தீய்ந்த வாடை: என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை தங்கை மகன் போன் செய்தான். முதல்முறையாகத் தன் காருக்குத் தானே ஆயில் மாற்றியிருக்கிறான். "மாமா, வண்டியை எடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகல, தீயுற வாடை அடிக்குது. பானெட் ஓரத்துல லேசா புகையும் வருது. தீப்பிடிச்சிருமா?" என்றான். என்னிடம் பேசும் முன்பே இரண்டு பேரிடம் கேட்டுவிட்டான். ஒருவர், "ஆயில் சிந்தினா அப்படித்தான் இருக்கும், ஓட்டு, தானா போயிடும்" என்றிருக்கிறார். இன்னொருவர், "உடனே இறங்கிடு, வண்டி எரிஞ்சிடும்" என்றிருக்கிறார்.

இந்த இரண்டு பதில்களையும் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி எப்போது பொருந்தும் என்று இரண்டு பேருமே சொல்வதில்லை, அதுதான் சிக்கல். தீய்ந்த வாடை வருவது வேறு, தீப்பிடிப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் சில படிகள் இருக்கின்றன. அந்தப் படிகள் புரிந்துவிட்டால் எப்போது நிதானமாக ஓட்டலாம், எப்போது நிறுத்தியே ஆக வேண்டும் என்பதை யாரையும் கேட்காமல் நாமே முடிவு செய்யலாம்.

## அடுப்பில் பொங்கிய பால்

பால் பொங்கி அடுப்பில் வழிந்த அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு. வழிந்தது ஒரு கரண்டிப் பால்தான். ஆனால் காந்தல் வாடை கூடம், படுக்கையறை, மாடிப்படி வரை போகிறது. அடுப்பைத் துடைக்காமல் விட்டால் மறுநாள் காலை பற்றவைத்ததும் அதே வாடை மறுபடி வரும். அதற்காக வீடு தீப்பிடித்துவிட்டது என்று யாரும் ஓடுவதில்லை. சூடான இரும்பில் பால் பட்டது, கருகியது, அவ்வளவுதான் என்று நமக்குத் தெரியும்.

கார் என்ஜினில் ஆயில் சிந்தும்போது நடப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆயிலை வடிகட்டும் ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில், புனல் இல்லாமல் ஊற்றியபோது ஓரத்தில் ஒழுகிய ஆயில், ஏதோ ஒரு சூடான பாகத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வண்டி ஓடிச் சூடேறியதும் அது புகைகிறது. நம் மூக்கு இந்த மாதிரிக் கருகல் வாடைகளை மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். அதனால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி ஆயில் சிந்தியிருந்தாலே வண்டி முழுக்க நாறும். வாடை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு சிந்தியது என்று கணக்குப் போட முடியாது.

## எண்ணெய் எரிவதற்கு முன் வரும் படிகள்

ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை ஊற்றி, எரிகிற தீக்குச்சியை அதன்மேல் காட்டிப் பாருங்கள். பற்றாது. அதே எண்ணெயில் ஒரு திரியைப் போட்டால் அழகாக எரியும். எண்ணெய் ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். ஏன் இந்த வித்தியாசம்?

எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. கிண்ணத்தில் உள்ள எண்ணெய் குளிர்ந்திருப்பதால் ஆவி போதவில்லை. திரியில் ஏறியிருப்பதோ கொஞ்சம் எண்ணெய். தீக்குச்சி அதைச் சட்டென்று சூடாக்கி ஆவியாக்கிவிடுகிறது, பற்றிக்கொள்கிறது. விளக்கின் இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது.

இப்போது எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே போவோம். முதலில் அது புகையத் தொடங்கும். எண்ணெயின் ஒரு பகுதி ஆவியாகிறது, இன்னொரு பகுதி சூட்டில் உடைந்து வேறு பொருட்களாக மாறுகிறது. இப்படி உடைவதற்கு வெப்பச் சிதைவு என்று பெயர். தாளிக்கும்போது எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டால் தொண்டை கமறுகிறதே, அது இந்தச் சிதைவின் வேலைதான். இன்னும் நெருப்பு என்ற பேச்சே வரவில்லை.

மேலும் சூடாக்கினால், அருகில் ஒரு தீப்பொறியைக் காட்டியதும் ஆவி பளிச்சென்று ஒரு கணம் பற்றி அணைகிற நிலை வரும். அந்த வெப்பநிலைக்கு ஃபிளாஷ் பாயின்ட் என்று பெயர். என்ஜின் ஆயிலுக்கு இது பெரும்பாலும் 200 முதல் 240 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஆயில் நிறுவனங்கள் வெளியிடும் தகவல் தாளிலேயே போட்டிருப்பார்கள். பெட்ரோலுக்கோ இது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி. அதாவது மார்கழிக் குளிரில்கூடப் பெட்ரோல் எப்போதும் பற்றத் தயாரான ஆவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஆயிலையும் பெட்ரோலையும் ஒரே பயத்தோடு பார்க்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் ஃபிளாஷ் பாயின்ட்டைத் தாண்டினாலே எண்ணெய் பற்றிவிடும் என்று பலர் தவறாகச் சொல்கிறார்கள். தாண்டினாலும் ஒரு பொறியோ சுடரோ வேண்டும். பொறியே இல்லாமல், வெறும் சூட்டினால் மட்டும் பற்றும் நிலை இன்னும் மேலே இருக்கிறது. அதைத் தானே பற்றும் வெப்பநிலை என்று அழைக்கலாம். என்ஜின் ஆயிலுக்கு அது ஏறத்தாழ 260 முதல் 370 டிகிரி வரை, ஆயிலின் வகையைப் பொறுத்து மாறும்.

இதுவரை பார்த்தது: எண்ணெய் முதலில் புகைகிறது. அப்புறம் பொறி பட்டால் பற்றும் நிலைக்கு வருகிறது. அதற்கும் மேலேதான் தானாகப் பற்றும் நிலை. நம் மூக்குக்கு வருவது முதல் படியின் செய்தி.

## என்ஜினில் எந்த இடம் எவ்வளவு சூடு?

பானெட்டுக்குள் எல்லாமே ஒரே மாதிரி கொதிக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் என்ஜின் பிளாக்கும் அதன் மேல்மூடியும் 90 முதல் 110 டிகிரி அளவில்தான் இருக்கும். அதன்மேல் அரை டம்ளர் ஆயில் கொட்டினாலும் பெரிதாகப் புகையாது. அழுக்குப் பிடித்துப் பிசுபிசுப்பாக இருக்கும், அவ்வளவே.

வாடைக்குக் காரணம் வேறு இடம். சிலிண்டர்களில் எரிந்த வாயு முதலில் வெளியே வரும் குழாய்த் தொகுதியை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்கிறோம். சைலன்சர் பைப்பின் தொடக்கம் அது. வண்டி சும்மா நின்று ஓடும்போதே அது 200, 300 டிகிரிக்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் பாரம் இழுத்து ஓடினால் 500 டிகிரியைத் தாண்டும். அதை அடுத்து வரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், அதாவது புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் பாகமும், பல நூறு டிகிரிச் சூட்டில்தான் வேலையே செய்யும்.

பல கார்களில் ஆயில் ஃபில்டர் இந்த மேனிஃபோல்டுக்கோ அதன் பைப்புக்கோ மிக அருகில் இருக்கிறது. படுக்கைவாட்டில் பொருத்திய ஃபில்டரைத் திருகியதும் உள்ளே நிற்கும் ஆயில் நேராக அந்தப் பைப்மேல் வழிகிறது. எவ்வளவு கவனமான கையாக இருந்தாலும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அதனால் முதல்முறை ஆயில் மாற்றியவர்கள், நாம்தான் கெடுத்துவிட்டோம் என்று நொந்துகொள்ள வேண்டாம். பைக்கிலும் இதே கதைதான். அங்கே பெண்ட் பைப்பில், அதாவது என்ஜினிலிருந்து வளைந்து வரும் சைலன்சர் குழாயில், சிந்தியது கண்ணுக்குத் தெரியும், காரில் தெரியாது. அதனால்தான் காரில் பயம் அதிகம்.

ஓடும்போது இல்லாத வாடை சிக்னலில் நின்றதும் ஏன் வருகிறது என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓடும்போது எதிர்க்காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நின்றதும் புகை நேராக மேலே எழுகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்கள் இருக்கும் இடத்தில்தான் ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் துவாரம் இருக்கிறது. அது புகையை இழுத்து உள்ளே அனுப்பிவிடும். ஏசியில் உள்காற்றே சுற்றும் பொத்தானை அழுத்தினால் வாடை குறையும். வாடை குறைந்ததே தவிரப் புகை நின்றதா என்று இறங்கிப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

## அவ்வளவு சூட்டில் விழுந்தும் ஏன் பற்றவில்லை?

கவனமாகப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஆயில் 370 டிகிரியில் தானே பற்றும், மேனிஃபோல்ட் 500 டிகிரி. அப்படியானால் சிந்தும் ஒவ்வொரு சொட்டும் தீப்பிடித்திருக்க வேண்டுமே?

நியாயமான கேள்வி. பதில், அந்த வெப்பநிலையை எப்படி அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆய்வகத்தில் எல்லாப் பக்கமும் ஒரே சூட்டில் இருக்கும் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு துளியை விட்டுக் காத்திருப்பார்கள். ஆவி எளிதில் வெளியே போகாது. சூட்டிலேயே நெடுநேரம் கிடந்து பற்றும். திறந்த மேனிஃபோல்டில் அப்படி இல்லை. சொட்டு விழுகிறது, ஆவியாகிறது, சூடான ஆவி உடனே மேலே எழுந்து குளிர்ந்த காற்றில் கலந்து நீர்த்துப்போகிறது. பற்றுவதற்கு வேண்டிய அளவு, சூடு, நேரம் மூன்றும் ஒன்றாகக் கூடி வருவதில்லை. அதனால் திறந்த இரும்பில் ஆயில் பற்ற வேண்டுமானால், ஆய்வகத்தில் அளந்த வெப்பநிலையைவிடக் கணிசமாகக் கூடுதல் சூடு வேண்டும்.

சிந்திய ஆயில் பெரும்பாலும் மெல்லிய படலமாகத்தான் இருக்கும் என்பது இன்னொரு காரணம். மேனிஃபோல்ட் உச்சச் சூட்டுக்குப் போவதற்குள், 200, 250 டிகிரியிலேயே அதில் பெரும்பங்கு புகைந்து தீர்ந்துவிடுகிறது. "ஓட்டு, தானா போயிடும்" என்று சொன்னவர் இந்தப் பாதியைத்தான் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

சுருக்கமாக, குறைந்த அளவு ஆயில், வெறும் இரும்பு, நல்ல காற்றோட்டம். இந்த மூன்றும் இருந்தால் வாடையும் புகையும் வரும், நெருப்பு வருவது அரிது.

## திரி கிடைத்துவிட்டால்

மறுபடி விளக்குக்கு வருவோம். எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டுக்குக் கொடுக்கும் ஒரு பொருள் என்ஜினுக்குள் இருந்தால்? அது திரி. இரும்பின்மேல் மெல்லிய படலமாகப் பரவித் தீர்ந்துபோக வேண்டிய ஆயிலை அது தேக்கி வைக்கிறது, சூட்டையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆய்வகக் குடுவையின் நிலைமையை அதுவே உண்டாக்கிவிடுகிறது.

தங்கை மகனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஃபில்டருக்குக் கீழே துணி ஏதாவது வச்சியா?" என்பதுதான். சற்று நேரம் பேச்சே இல்லை. வைத்திருக்கிறான். ஒழுகும் ஆயிலைப் பிடிக்கப் பழைய பனியன் துணியைச் சுருட்டி வைத்தவன், எடுக்க மறந்துவிட்டான். வண்டியை அணைத்துவிட்டு விலகி நிற்கச் சொன்னேன். நன்றாக ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தான். பைப்பின் சூட்டைத் தடுக்கும் வெப்பத் தகட்டுக்கு மேலே துணி கிடந்தது, ஒரு ஓரம் கருகியிருந்தது. இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்கியது.

மறந்துபோன துணி, காட்டன் வேஸ்ட், பைப்பைச் சுற்றிய வெப்பக் காப்பு நாடா, பிளாஸ்டிக் மேல்மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சு, பானெட்டின் உள்பக்க மெத்தை, எலி கொண்டுவந்து சேர்த்த நார், காய்ந்த சருகு. இவற்றில் ஆயில் ஊறினால் அது வெறும் வாடைப் பிரச்சினை அல்ல. கண்ணாடி நாரால் ஆன நாடா தானாக எரியாதுதான். அதில் ஊறிய ஆயில் எரியும். ஊறிய நாடாவைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

புகை அடர்ந்தாலோ சுடர் தெரிந்தாலோ ஓரம்கட்டி என்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளிப் போங்கள். பானெட்டை முழுக்கத் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே காற்று பாய்ந்து நெருப்பு சீறும். எரியும் ஆயில்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்பொடி தீயணைப்பான் கையில் இருந்து, நெருப்பு சிறியதாகவும் இருந்தால் மட்டும் ஓர இடைவெளி வழியாக அடிக்கலாம். இல்லையென்றால் வண்டி போகட்டும், தீயணைப்புத் துறைக்குப் போன் செய்யுங்கள்.

## சிந்துவது ஆயில் மட்டும் அல்ல

கூலன்ட் சிந்தினால் வாடை வேறு மாதிரி. வெல்லப்பாகு காய்வது போல இனிப்பாக இருக்கும், வெள்ளையாக நீராவி எழும். அதில் பெரும்பாலும் பாதி தண்ணீர், பாதி எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். தண்ணீர் முதலில் கொதித்துப் போய்விடும். மிச்சமிருக்கும் கிளைக்கால் எரியக்கூடியது என்பது பலருக்குத் தெரியாது. அது நஞ்சும்கூட. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். கூலன்ட் பக்கமே போகாதபோது காருக்குள் இனிப்பு வாடை வந்து, கண்ணாடியில் உள்பக்கமாகப் பிசுபிசுப்பாகப் பனி படிந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் கசிகிறது என்று பொருள்.

பிரேக் ஆயிலுக்கு அந்தப் பெயர் இருந்தாலும், நாம் பெரும்பாலும் பயன்படுத்தும் டாட் 3, டாட் 4 வகைகள் எண்ணெயே அல்ல. அவை கிளைக்கால் ஈதர் என்ற வகைத் திரவங்கள், தண்ணீரோடு கலந்துவிடும். இவையும் எரியக்கூடியவை. பெயின்டை அரித்துத் தூக்கிவிடும். ஒரு நல்ல விஷயம், ஆறிய என்ஜினில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். ஆனால் பிரேக் பேடுமேல் ஆயிலோ பிரேக் ஆயிலோ பட்டுவிட்டால் துடைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். பேடு அதை உறிஞ்சிக்கொண்டு பிரேக் பிடிக்காமல் செய்யும். மாற்றிவிடுங்கள்.

கியர் ஆயில் கந்தக வாடை அடிக்கும். அதில் கந்தகம் கலந்த சேர்மங்களைச் சேர்ப்பதால் அப்படி. ரப்பர் தீயும் வாடை, கூடவே கீச்சென்ற சத்தம் என்றால் பெல்ட்டில் ஏதோ சிந்தி வழுக்குகிறது.

பெட்ரோல் வாடைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. தீயாத, பச்சைப் பெட்ரோல் வாடை வந்தால் என்ஜினைப் போடவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய கொட்டகையில் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். ஒரு சுவிட்சின் பொறி போதும். கதவைத் திறந்துவிட்டு, வண்டியைக் கையால் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

## சிந்தியதா, கசிகிறதா?

வாடையைக் கண்டு கேட்க வேண்டிய உண்மையான கேள்வி இது. சிந்தியது ஒரு முறை நடந்தது, தீரும். கசிவு தீராது.

சிந்திய ஆயிலின் வாடை நாளுக்கு நாள் குறையும். முதல் நாள் பலமாக இருக்கும். மறுநாள் மறுபடி வந்தாலும் பயப்பட வேண்டாம். போல்ட் இடுக்கிலும் வெப்பத் தகட்டின் மடிப்பிலும் தேங்கியது மெல்ல இறங்கிச் சூட்டில் படுகிறது. நாலைந்து பயணத்தில் பெரும்பாலும் போய்விடும். குறையாமல் அப்படியே இருந்தாலோ, குறைந்துவிட்டுக் கூடினாலோ, கசிவைத் தேட வேண்டும். தினமும் காலையில் வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையை விரித்துப் பாருங்கள். புதுச் சொட்டு இருக்கிறதா? சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைப் பாருங்கள். அளவு இறங்குகிறதா?

வீட்டில் ஆயில் மாற்றியவர்கள் செய்யும் ஒரு தவறைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். என்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஒரு சின்ன காரில் இருப்பதே மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில்தான். அது போக அதிக நேரம் ஆகாது. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரைகூட ஓட்டாதீர்கள், அந்த இடத்திலேயே அணையுங்கள். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்டின் பழைய வாஷர், மூட மறந்த ஆயில் மூடி இவையும் கசிவுக்கு வழி.

## துடைக்கும்போது

என்ஜின் கை வைக்கும் அளவுக்கு ஆற வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். முதலில் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரோ, கடையில் கிடைக்கும், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டீகிரீசரோ போட்டுத் துலக்கித் துடையுங்கள். ஒயர் இணைப்புகள்மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

பிரேக் கிளீனர் ஸ்பிரேயை எடுத்துச் சூடான பைப்மேல் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஸ்பிரேக்களில் ஒரு வகை பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றும். குளோரின் கலந்த இன்னொரு வகை எளிதில் பற்றாது, ஆனால் மிகுந்த சூட்டில் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயுவை உண்டாக்கக்கூடும். ஆயில் புகையைவிடப் பல மடங்கு மோசமான ஒன்றை நாமே வரவழைத்ததாகிவிடும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பதும் வேண்டாம்.

அடுத்த முறை ஃபில்டரைக் கழற்றும் முன் அதன் கீழே உள்ள பைப்மேல் சமையலறை அலுமினியத் தாளைக் கால்வாய் மாதிரி மடித்து வையுங்கள். ஆயில் அதில் வழிந்து தட்டில் விழும், தாள் ஆயிலை உறிஞ்சாது. ஃபில்டரை லேசாகத் தளர்த்தியதும் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை அதன்மேல் மாட்டிப் பைக்குள்ளேயே திருகி எடுத்தால் பாதி ஒழுகல் பைக்குள் போகும். எத்தனை துணி எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனீர்களோ, வேலை முடிந்ததும் அத்தனையையும் எண்ணுங்கள். தங்கை மகன் இப்போது வேலையைத் தொடங்கும் முன்பே துணிகளின் எண்ணிக்கையை போனில் குறித்து வைத்துக்கொள்கிறான்.